இரண்டு தகப்பன் என்று எழுதியவருக்கு

சிலாவத்துறை,
26.01.2025

டொக்டர் லூசியா அவர்களுக்கு,

சிலாவத்துறையிலிருந்து ஹமீதா எழுதுவது. நலம் விசாரிக்கவில்லை. நீங்கள் நலமாக இருக்கவேண்டும் என்று சொல்ல இப்போதைக்கு எனக்கு வாய் வராது. அக்கா என்று எழுதாமல் டொக்டர் என்று எழுதியிருக்கிறேனே, அதிலேயே உங்களுக்குப் பாதி விளங்கியிருக்கும்.

போன கிழமை மெல்போர்னிலிருந்து நீங்கள் அனுப்பிய குரல் பதிவைக் கேட்டேன். நோன்புப் பெருநாள் முடிந்ததும் இரண்டாம் முறை இரத்தம் எடுக்க ஆட்கள் வருவார்கள், முன்பு போல வீடு வீடாக நான்தான் கூட்டிக்கொண்டு போகவேண்டும், ஹமீதா இல்லாவிட்டால் சிலாவத்துறையில் ஒரு கதவும் திறக்காது என்று சிரித்துச் சிரித்துச் சொல்லியிருந்தீர்கள். உண்மைதான். ஒரு கதவும் திறக்காது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஃபோனிலேயே பதில் சொல்லப் பார்த்தேன். ஏசத் தொடங்கினால் எனக்கு அழுகை வந்துவிடும். என் அழுகையை நீங்கள் கேட்பதில் எனக்கு விருப்பமில்லை.

உங்களுக்கு இங்கே நடந்தது தெரியாது போலிருக்கிறது. நீங்கள் சஞ்சிகையில் எழுதிய கட்டுரையை ஓர் இணையச் செய்திக்காரன் கண்டெடுத்துத் தமிழில் போட்டுவிட்டான். மன்னார்க் கரையில் அதிசயம், ஒரே வயிற்றில் பிறந்த இரட்டையருக்கு இரண்டு தகப்பன் என்று தலைப்பு. நீங்கள் ஊரின் பெயர் எழுதவில்லை, ஆளின் பெயர் எழுதவில்லை, ஒத்துக்கொள்கிறேன். மன்னாரின் தெற்குக் கரையில் ஒரு முஸ்லிம் கிராமம், தொண்ணூறாம் ஆண்டு பிறந்த ஆணும் பெண்ணுமான இரட்டையர், அந்த ஆணுக்குக் காது கேளாமல் பிறந்து இப்போது கண்ணும் மங்கிக்கொண்டு வருகிற ஒரு மகள். இந்த ஊரில் அப்படி எத்தனை பேர் இருக்கிறோம்? பெயரை மறைத்தேன் என்று என்னிடம் சொல்லாதீர்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைத்த கதை அது.

சித்தி மரியம் என்ற பெயருடைய என் உம்மா மௌத்தாகிப் பல வருடம். எழுந்து வந்து தனக்காகப் பேச அவவால் முடியாது. வாப்பா சாஹுல் ஹமீட்டும் போன வருடம் போய்ச் சேர்ந்தார். அவருடைய கையில் நீங்கள்தானே ஊசி போட்டீர்கள்? பேத்திக்கு உதவும் என்றால் வாளியோடு எடு மகள் என்று கையை நீட்டினாரே, அந்த மனிதரின் இரத்தத்தை வைத்துத்தான் அவருடைய மனைவியை வேசியாக்கியிருக்கிறீர்கள்.

இந்தச் சொல்லை எழுத எனக்குக் கை கூசுகிறது. ஆனால் ஊர் கூசவில்லை. என் மாமியார் என் கையால் தண்ணீர் வாங்கிக் குடிப்பதில்லை. மௌத்தானவர்களுக்காகக் கத்தம் ஓதுகிற வீட்டில் பாயில் எனக்குப் பக்கத்து இடம் காலியாகவே இருக்கிறது. கணவர் அஸாம் ஒன்றும் சொல்வதில்லை. சொல்லாமலே வெளி விறாந்தையில் படுக்கிறார். என் உடன்பிறப்பு நௌபர் மீன் வாடிக்குப் போனபோது ஒருவன், உன்ட மற்ற வாப்பா எந்த ஊர் எண்டு கேட்டானாம். நௌபர் துடுப்பால் அடித்து அவனுடைய தோள்மூட்டு விலகிவிட்டது. பொலிஸில் ஒரு நாள் முழுக்க வைத்திருந்துதான் விட்டார்கள். கையைப் பிடித்து இழுக்க நான் பக்கத்தில் இல்லாமற் போனேனே என்று எனக்கு வருத்தமில்லை. நான் இருந்திருந்தால் மற்றத் துடுப்பை எடுத்திருப்பேன்.

இப்போது உங்கள் விஞ்ஞானத்துக்கு வருவோம்.

நானும் நௌபரும் இரட்டை என்று உங்களுக்குச் சொன்னது நான்தான். நாளைக்கு வந்து கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். தொண்ணூறில் வடக்கிலிருந்து எங்கள் முஸ்லிம் சனத்தை வெளியேற்றினபோது கற்பிட்டிக்குப் போன வள்ளத்தில் என்னைப் பெற்றவள் இருந்தாளாம். றஹீமா என்று பெயர். கைக்குழந்தையோடு, கடுங்காய்ச்சலோடு, தனியாக. புருஷன் எங்கே என்று கேட்டதற்கு அவளால் பதில் சொல்ல முடியவில்லை. கரையில் இறக்கின அன்றே மௌத். சித்தி மரியத்தின் மடியில் நௌபர் பால் குடித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் கிடந்து கத்திய என்னைத் தூக்கி மற்றப் பக்கத்தில் போட்டுக்கொண்டாவாம். அதற்குப் பிறகு இறக்கவில்லை.

எங்கள் மார்க்கத்தில் ஒரு மார்பில் பால் குடித்து வளர்ந்தவர்கள் உடன்பிறப்பு. உடன்பிறப்பு மாதிரி அல்ல, உடன்பிறப்பு. எனக்கும் நௌபருக்கும் நிக்காஹ் ஹராம். அவனுக்கு முன்னால் நான் முக்காடு போடத் தேவையில்லை. அகதி முகாமில் பதிய வந்த உத்தியோகத்தர் இரண்டு குழந்தைகளையும் ஒரே மடியில் கண்டு இரட்டை என்றே எழுதிவிட்டார். வாப்பா மறுக்கவில்லை. மறுத்திருந்தால் என்னை அநாதைப் பிள்ளை என்று வேறு இடத்துக்கு அனுப்பியிருப்பார்கள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் வித்தியாசம் பார்த்ததில்லை. நானும் நௌபரும் இதைத் தெரிந்துதான் வளர்ந்தோம். தெரிந்ததை எடுத்துப் பேச அதில் ஒன்றும் இருக்கவில்லை.

நீங்கள் வந்தீர்கள். காது கேளாமலும் பிறகு கண் பார்வை சுருங்கியும் போகிற இந்த நோய் எந்த வழியாக இறங்குகிறது என்று பார்க்க என் வீட்டு மேசையில் பெரிய கடதாசியை விரித்துக் குடும்ப மரம் கீறினீர்கள். ஆணுக்குப் பெட்டி, பெண்ணுக்கு வட்டம். உங்களுக்குச் சகோதரங்கள் எத்தனை பேர் என்று கேட்டீர்கள். கேட்டதற்குச் சரியான பதில் சொன்னேன். எந்த வயிறு என்று நீங்கள் கேட்கவில்லை. நீங்கள் இதே கரையில் முள்ளிக்குளத்துப் பெண். வெளிநாட்டுக்காரி கேட்காமல் விட்டால் பொறுக்கலாம். ஞானஸ்நானத்தில் தலையில் தண்ணீர் வார்க்கும்போது பிடித்தவளை ஞானத்தாய் என்று சாகும்வரை கூப்பிடுகிறவர்கள் நீங்கள். தண்ணீரால் தாய் வருவாள் என்றால் பாலால் வரமாட்டாளா?

என் இரத்தம் வாப்பாவின் இரத்தத்தோடு பொருந்தவில்லை. உம்மாவின் இரத்தம் உங்களிடம் இல்லை. அந்த இடத்தில் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். மூன்று மாதம் என் வீட்டில் படுத்தவர் நீங்கள். காய்ச்சல் வந்தபோது கொத்தமல்லி அவித்துத் தந்திருக்கிறேன். ஏன் கேட்கவில்லை என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். உலகத்திலேயே அபூர்வமான ஒன்று உங்களுக்குக் கிடைத்துவிட்டது. ஒரு கர்ப்பத்தில் இரண்டு தகப்பன். கேட்டால் அது இல்லாமற் போய்விடுமோ என்ற பயம். அதுதான் கேட்கவில்லை.

இப்போது நான் பால் குடித்த கதையைச் சொன்னால் ஊர் சிரிக்கிறது. கட்டுரை வந்த பிறகு கட்டின கதை என்கிறார்கள். மெசின் பொய் சொல்லுமோ என்கிறார்கள். முகாமில் பக்கத்தில் இருந்த பெண்களில் பாதிப் பேர் மண்ணுக்குள், மீதிப் பேர் புத்தளத்தில் நினைவு தப்பிப்போய் இருக்கிறார்கள். உண்மையைச் சொல்லிப் பொய்க்காரியாகிப்போனேன்.

ஆகவே கேளுங்கள். நீங்கள் போன முறை ஏறிய எல்லா வீட்டுப் படியும் இந்த இரண்டு கிழமையில் நான் ஏறிவிட்டேன். இன்றைக்கு சித்தி மரியம், நாளைக்கு உன்ட உம்மா என்று மட்டும் சொன்னேன். வேறொன்றும் சொல்லத் தேவைப்படவில்லை. உங்கள் ஊசிக்கு இனி இங்கே நரம்பு கிடையாது. இரண்டாம் முறை இரத்தம் இல்லாவிட்டால் உங்கள் ஆய்வு பாதியில் நிற்கும் என்று நீங்களே ஒரு நாள் சொல்லியிருக்கிறீர்கள். நிற்கட்டும். உங்கள் அந்த மரத்தில் பால் உடன்பிறப்புகள் வேறு எந்தெந்த வீட்டில் இருக்கிறார்கள் என்றும் எனக்குத் தெரியும். வள்ளத்தில் வந்த சனம் நாங்கள், ஒரு தாய் மட்டுமா பால் கொடுத்தாள்? எது இரத்தம் எது பால் என்று தெரியாமல் நீங்கள் அந்தக் கடதாசியை வைத்துக்கொண்டு கிடவுங்கள்.

இது போதாது என்று எனக்குப் படுகிறது. வெள்ளிக்கிழமை முள்ளிக்குளம் போகப்போகிறேன். உங்களுக்கும் ஓர் அம்மா இருக்கிறார்.

உங்களோடு கோபமாக இருக்கும்,
ஹமீதா


சிலாவத்துறை,
18.02.2025

டொக்டர் லூசியா அவர்களுக்கு,

உங்கள் மறுமொழி கிடைத்தது. அழுது எழுதியிருக்கிறீர்கள். வாசிக்கச் சந்தோஷமாக இருந்தது. மறைக்காமல் சொல்கிறேன்.

முள்ளிக்குளத்தில் நடந்ததை உங்கள் அம்மா தன் பக்கத்தில் நின்று சொல்லியிருப்பார். என் பக்கத்தையும் கேளுங்கள். நான் போனபோது மார்த்தா அம்மா வெயிலில் கருவாடு திருப்பிப் போட்டுக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, வா பிள்ளை, லூசி சுகமாய் இருக்கிறாள், நேற்றும் உன்னைப் பற்றிக் கதைச்சவள் என்றார். அந்த முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்திருக்கலாம். அதற்காகவா இரண்டு பஸ் பிடித்துப் போனேன்? அயல் பெண்கள் ஐந்தாறு பேர் நின்றார்கள். எல்லாருக்கும் கேட்கிற சத்தத்தில் கேட்டேன். உங்கட மகள் லூசியாவின்ர தகப்பன் ஆரெண்டு இரத்தம் சோதிச்சனீங்களோ?

கருவாடு கையிலிருந்து விழுந்தது. பிறகு தும்புத்தடியைத் தூக்கிக்கொண்டு வந்தார். இரண்டு அடி விழுந்தது, ஒன்று முதுகில், ஒன்று முழங்கையில். முழங்கை இன்னும் நோகிறது. நான் நகரவில்லை. செய்தியை ஃபோனில் எடுத்து வரி வரியாக வாசித்தேன். இதை எழுதினது உங்கட மகள், இதிலே வாற தாய் என்ட உம்மா என்றேன். தும்புத்தடி அப்படியே நின்றது. செத்த மனிசியைப் பற்றியோ என்று கேட்டார். ஓம் என்றேன். அப்போதுதான் அவர் சொன்னார். உன்ட உம்மாவும் செத்தவ, லூசியின்ர அப்பன் சிங்கராசாவும் கடலோட போனவர், நீங்கள் ரெண்டு பேரும் படிச்ச படிப்புக்கும் பட்ட கோபத்துக்கும் செத்தவைதான் அகப்பட்டினமோ என்று.

அது எனக்குத் தைத்தது. ஆனாலும் கேட்டதைத் திருப்பி எடுக்கமாட்டேன். நீங்கள் உங்கள் வீட்டுக்குள் ஒரு நாளாவது அந்தச் சொல்லைக் கேட்கவேண்டும் என்று விரும்பினேன், கேட்டீர்கள். பஸ்ஸில் வரும்போது சந்தோஷம் வரும் என்று பார்த்துக்கொண்டு வந்தேன். சிலாவத்துறையில் வந்து இறங்கியும் வரவில்லை. அது என் பாடு.

உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். கட்டுரையிலிருந்து அந்தப் பந்தியைச் சத்தமில்லாமல் எடுத்துவிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். பழியைப் பறையடித்துப் போட்டுவிட்டுத் தும்புத்தடியால் மெதுவாகக் கூட்டி ஒதுக்குவதா? எடுத்துவிட்டால் இங்கே என்ன சொல்வார்கள் தெரியுமா? ஹமீதா அழுது கூத்தாடினாள், டொக்டர் பாவம் பார்த்து மறைத்துவிட்டார் என்பார்கள். உள்ளதும் கெடும்.

ஆனால் உங்கள் கடிதத்தின் கடைசியில் ஓரமாக ஒன்று எழுதியிருக்கிறீர்கள். தாய் வழியாக மட்டும் இறங்குகிற ஒன்று எல்லாருடைய இரத்தத்திலும் இருக்கிறது, மகனுக்கும் மகளுக்கும் தாயிடமிருந்து அப்படியே வரும், நௌபருடையதையும் என்னுடையதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நாங்கள் ஒரு தாயின் வயிற்றில் பிறந்தவர்களா இல்லையா என்று தெரிந்துவிடும் என்று. ஹமீதா, இதை நான் அன்றைக்கே பார்த்திருக்கவேண்டும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஓம், பார்த்திருக்கவேண்டும்.

இப்போது பாருங்கள். என் நிபந்தனை இதுதான். எங்கள் இரண்டு பேரின் இரத்தத்தை எடுத்து, அதே இயந்திரத்தில் போட்டு, சித்தி மரியம் என்னைப் பெறவேயில்லை என்று அதே சஞ்சிகையில், அதே அளவு எழுத்தில், உங்கள் பெயரோடு போடவேண்டும். நான் பிழை செய்தேன் என்று முதல் வரியில் இருக்கவேண்டும். தமிழிலும் எழுதி அனுப்பவேண்டும். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு பள்ளியில் வாசிக்கப்படும். மெசின் பொய் சொல்லாது என்று சொன்ன வாய்கள் எல்லாம் மெசின் சொன்னதைக் கேட்கட்டும்.

நௌபர் மறுக்கிறான். நீ எனக்கு ஆரெண்டு கண்ணாடிக் குழாய் சொல்லத் தேவையில்லை என்கிறான். சொல்லப்போவது என்ன என்று அவனுக்கும் தெரியும் எனக்கும் தெரியும், தெரிந்ததைக் கடதாசியில் ஏன் கேட்டு வாங்குகிறாய் என்று கத்திவிட்டுக் கடலுக்குப் போய்விட்டான். உம்மாவின் பெயருக்காக என்று இரண்டாம் நாளும் சொன்னேன், மூன்றாம் நாளும் சொன்னேன். நேற்று வந்து சட்டைக் கையை மடித்துக் காட்டிவிட்டுப் போனான். அனுப்புங்கள் ஆளை.

இன்னொன்று. நௌபரின் மனைவி பஸ்மினா மச்சாள் வந்து என் காலில் விழாத குறை. டொக்டரோடு சண்டை பிடிக்காதே, அவ கோபித்தால் சைகை மொழி படிப்பிக்கிற ரீச்சரை நிறுத்திவிடுவாங்கள், பிள்ளை நுஸ்ரியாவின் காதுக் கருவி பழுதாகிவிட்டால் எங்கே போவது, பிறக்கிற பிள்ளைகளுக்குக் காது பார்க்கிற சோதனையும் நின்றுவிடும் என்று அழுதாள். அவள் சொல்வதும் பொய்யில்லை. நீங்கள் வருமுன் இந்த ஊரில் நுஸ்ரியாவை ஊமை என்றுதான் கூப்பிட்டார்கள். இப்போது அவள் கையால் பேசுகிற பேச்சுக்கு நான்தான் மூச்சு வாங்குகிறேன். அந்தியில் கண் தெரியாமல் வாசற்படியில் தடக்குகிறாள், அதற்கும் வெள்ளைக் கோல் பிடித்து நடக்கப் பழக்க ஆள் வரும் என்று நீங்கள் சொல்லியிருந்தீர்கள். நீங்கள் செய்த நல்லதை இல்லை என்று சொல்கிறவள் அல்ல நான்.

அதனால்தான் சொல்கிறேன். ரீச்சருக்கும் மருந்துக்கும் கருவிக்கும் கதவு திறந்தபடி இருக்கும். ஊசிக்கு மட்டும் பூட்டு. என் மேல் உள்ள கோபத்தை நீங்கள் அந்தப் பிள்ளையில் காட்டினால், டொக்டர், நோன்பு வருகிறது, நோன்பாளியின் துஆவுக்குத் திரை இல்லை. நான் முப்பது நாளும் உங்கள் பெயரைச் சொல்லிக் கையேந்துவேன்.

நிபந்தனைக்குச் சம்மதமா என்று எழுதவும்.

ஹமீதா


சிலாவத்துறை,
15.06.2025

லூசியா அக்கா அறிவது,

பார்த்தீர்களா, அக்கா என்று வந்துவிட்டது. மன்னித்துவிட்டேன் என்று நினைக்கவேண்டாம். இன்றைக்கு உங்களிடம் ஒன்று கேட்கவேண்டியிருக்கிறது, கேட்கிறவளுக்கு டொக்டர் என்று எழுத வரவில்லை.

நீங்கள் அனுப்பின துஷாந்தன் தம்பி நல்ல பிள்ளை. நௌபருக்கு ஊசி போடும்போது நௌபர் முகத்தைச் சுவருக்குத் திருப்பிக்கொண்டான். துடுப்பால் ஆளை அடித்தவன் ஓர் ஊசிக்குப் பயந்தான் என்று தம்பி நினைத்திருப்பார். அது ஊசிப் பயமில்லை என்று எனக்குத் தெரியும்.

முடிவு வந்தது. நீங்கள் சொன்னபடியே தமிழிலும் எழுதியிருந்தீர்கள், நான் பிழை செய்தேன் என்று முதல் வரியிலேயே இருந்தது. மௌலவி ஜும்ஆ முடிந்து ஒருவரையும் எழும்பவிடாமல் முழுவதையும் வாசித்தார். பெண்கள் நாங்கள் பின்பக்கம் திரைக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டோம். நௌபரும் ஹமீதாவும் ஒரு தாயின் பிள்ளைகள் அல்லர், ஆகவே சித்தி மரியத்தைப் பற்றி எழுதியது முற்றிலும் தவறு என்ற இடம் வந்ததும் எனக்குப் பக்கத்தில் இருந்தவள் ஒருத்தி அல்ஹம்துலில்லாஹ் என்று சத்தமாகச் சொன்னாள். கத்தம் ஓதின வீட்டில் என் பக்கத்தில் உட்காராதவள் அவள்தான். பிறகு மௌலவி, பால் குடித்த உறவு பற்றியும் சொன்னார். இரத்தம் வேறென்றால் அந்தப் பிள்ளை அந்த மடிக்கு வந்த வழி பால்தானே, முப்பத்தைந்து வருடமாக ஊர் கண்ட உறவை ஒரு செய்தியால் மறந்தீர்களே என்று கேட்டார். வாடியில் அடிபட்டவன் தோளைத் தடவிக்கொண்டு நௌபரிடம் வந்து முசாபஹா செய்தான். நௌபர் கை கொடுத்தான். நானாக இருந்தால் கொடுத்திருக்கமாட்டேன்.

மாமியார் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வட்டிலப்பம் செய்து கொண்டுவந்தார். கோபத்தை விடு மகள், ஊர் சொன்னதைத்தான் நானும் கேட்டன் என்றார். இரண்டு கையாலும் மரியாதையாக வாங்கினேன். அவர் கண்ணுக்கு முன்னாலேயே கோழிக்குப் போட்டேன். அஸாம் முதல்தடவையாக வாய் திறந்து, ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டார். இதைக் கேட்க உங்களுக்கு வாய் இருந்திருக்கிறதே என்றேன். அவர் உள்ளே வந்து படுப்பதா வெளியே படுப்பதா என்று இன்னும் நான் முடிவு சொல்லவில்லை. இணையச் செய்திக்காரன் நீங்கள் தமிழில் எழுதிய திருத்தத்தைப் போட்டான், அதிசயத்தைப் பெரிய எழுத்தில் போட்டவன் இதைச் சின்ன எழுத்தில் போட்டான். அவனுக்கும் ஒரு நாள் வரும்.

ஆக, சஞ்சிகையில் வருவதைத் தவிர நான் கேட்டதெல்லாம் கிடைத்தது. உம்மாவின் பெயரில் விழுந்த கறை போய்விட்டது. அன்றைக்கு அஸர் தொழுகைக்குப் பிறகு, உம்மாவை அடக்கிய மையவாடி மதிலுக்கு வெளியே நின்று அதைச் சொல்லப் போனேன். உம்மா, உங்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று மெசினே சொல்லிவிட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். பாதியில் நின்றுவிட்டது. ஏனென்றால் மெசின் சொன்னது அதுவல்ல. நான் அவவுடைய மகள் இல்லை என்பதைத்தான் அது சொன்னது. அந்த ஒன்றால்தான் அவ தப்பினா. கேட்டு வாங்கினவள் நான். எல்லாம் தெரிந்துதான் கேட்டேன். இருந்தும் பள்ளியில் அதை இன்னொருவர் வாயால் கேட்டபோது எனக்கு யாரோ செத்துப்போன மாதிரி இருந்தது அக்கா. என் மூக்கு உம்மாவின் மூக்கு என்று எல்லாரும் சொல்லித்தான் நான் வளர்ந்தேன். கண்ணாடியில் பார்த்தால் இப்போது யாருடைய மூக்கு என்று தெரியவில்லை.

நுஸ்ரியாவுக்குப் பஸ்மினா கையால் விளங்கப்படுத்தியிருக்கிறாள். பிள்ளைக்கு என்ன விளங்கியதோ தெரியாது. என்னிடம் ஓடிவந்து, அவளுடைய பாஷையில் எனக்கு வைத்திருக்கிற பெயரைக் காட்டினாள். இரண்டு விரலை ஒட்டி நிமிர்த்துவது. ஒன்று அவளுடைய வாப்பா, மற்றது நான். பிரித்துக் காட்டு பார்ப்போம் என்று நான் சைகையால் கேட்டேன். மாட்டேன் என்று தலையாட்டினாள்.

இனி நான் கேட்கவந்ததைக் கேட்கிறேன்.

சஞ்சிகைக்கு அனுப்புமுன் நான் பார்ப்பதற்காக ஆங்கிலத் திருத்தத்தையும் புதிதாகக் கீறிய குடும்ப மரத்தையும் அனுப்பியிருக்கிறீர்கள். துஷாந்தன் தம்பி வரிக்கு வரி எனக்குத் தமிழில் சொன்னார். ஹமீதா என்பவர் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவர் அல்லர் என்பது உறுதியானதால் மரத்திலிருந்து நீக்கப்பட்டுள்ளார் என்று இருக்கிறது. மரத்தைப் பார்த்தேன். சாஹுல் ஹமீட்டுக்கு ஒரு பெட்டி, சித்தி மரியத்துக்கு ஒரு வட்டம், கீழே நௌபர் ஒற்றையாக ஒரு பெட்டி. அவனுக்குப் பக்கத்தில் நான் இருந்த இடம் வெறுமையாகக் கிடக்கிறது. என் வட்டம் இல்லை.

நீங்கள் இதைக் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. எனக்குத் தெரியும். உங்கள் கணக்குக்கு இது சரி. எனக்கு இந்த நோய் கடத்தும் பயமும் இல்லை, உங்களுக்கு நான் இனித் தேவையுமில்லை. பொய்யாக என் உம்மாவுக்கு இன்னொரு புருஷனைக் கொடுத்தீர்கள், இப்போது உண்மையாக என்னை அவவிடமிருந்து வெட்டுகிறீர்கள். முதலாவதற்கு உங்களைச் சபித்தேன். இரண்டாவதற்குச் சபிக்க எனக்கு வாய் வரவில்லை, அதுதான் பெரிய கொடுமை.

அக்கா, என்னை வெட்டவேண்டாம். இரத்தத்துக்குக் கீறுகிற கோட்டை எனக்குக் கீறச் சொல்லவில்லை. பொய் எழுதச் சொல்லவில்லை. புள்ளியாகக் கீறுவீர்களோ, வேறு நிறத்தில் கீறுவீர்களோ, அது உங்கள் படிப்பு. ஆனால் சித்தி மரியத்தின் வட்டத்திலிருந்து ஒரு கோடு இறங்கி என்னிடம் வரவேண்டும். அது பால் என்று கீழே எழுதுங்கள். அப்படி எழுதுகிற வழக்கம் உங்கள் ஆட்களிடம் இல்லை என்று தம்பி சொன்னார். இல்லாவிட்டால் நீங்கள் தொடங்கி வையுங்கள். நாளைக்கு இன்னொரு ஊரில், எங்களைப் போல ஓடி வந்த இன்னொரு சனத்திடம் ஊசியோடு போகிறவர்கள், வயிற்றைக் கேட்குமுன் மடியைக் கேட்கட்டும்.

அந்தக் கோடு இருந்தால் மற்ற வீடுகளில் எது இரத்தம், எது பால் என்று நானே உங்களோடு வந்து ஒவ்வொன்றாகச் சொல்வேன். கதவுகளும் திறக்கும். இல்லாவிட்டால் நான் சாகும்வரை அந்தப் பூட்டு தொங்கும், நான் செத்தபிறகு திறப்பை யாரிடம் கொடுப்பது என்றும் யோசித்து வைத்திருக்கிறேன். என் குணம் உங்களுக்குத் தெரியும்.

மார்த்தா அம்மாவுக்கு என் சலாத்தைச் சொல்லுங்கள். அவருக்கு மன்னார்ப் பெரியாஸ்பத்திரியில் கண் காட்ட நாள் கொடுத்திருக்கிறார்களாம், கூட்டிக்கொண்டு போக ஆளில்லை என்று துஷாந்தன் தம்பி சொன்னார். நான் போகிறேன். தும்புத்தடியை உள்ளே வைக்கச் சொல்லுங்கள். உங்கள் அம்மாவுக்கு ஆண்டவன் நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும், நீங்கள் வந்து பார்க்கும்வரை கண்ணில் வெளிச்சத்தையும் கொடுக்கட்டும். எனக்கு அந்த ஒரு கோட்டைக் கீறித் தாங்கோ அக்கா.

இப்படிக்கு,
சித்தி மரியத்தின் மகள்
ஹமீதா